வார்பர்க் பெயரைச் சொல்லிச் சர்க்கரையைத் திட்டாதீர்கள்

"சர்க்கரையை நிறுத்துங்கள், கேன்சர் பட்டினியில் செத்துவிடும்" என்கிற பதிவுகளில் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் தவறாமல் வந்துவிடுகிறார். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1931ல் நோபல் கொடுத்தார்களாம். நோபல் வாங்கினார், சரி. அது செல் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு. புற்றுநோய்க் கொள்கைக்கு அல்ல.

1920களில் பெர்லினில் அவர் செய்தது அருமையான அளவெடுப்பு. எலியின் கட்டியை மெல்லிய சீவலாகச் சீவி, மூடிய குடுவையில் போட்டு, வாயு அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று மானோமீட்டரில் பார்த்தார். ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தும் கட்டி குளுக்கோஸைப் பாதியிலேயே விட்டு லாக்டிக் அமிலமாகக் கொட்டியது. இந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி நிகரமாக 2தான். செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியா வரை போயிருந்தால் சுமார் 30 தேறும். எதற்கு இந்த ஊதாரித்தனம்? மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டது, அதுவே புற்றுநோயின் மூலம் என்று முடிவு கட்டினார் வார்பர்க். சறுக்கியது இங்கேதான். பெரும்பாலான கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காகவே ஓடுகிறது. பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது. புது டிஎன்ஏ, சவ்வு, புரதம் எல்லாம் கட்டக் கார்பன் வேண்டும். எல்லாவற்றையும் எரித்துவிட்டால் கட்ட ஒன்றும் மிஞ்சாது. கிருமியைக் கண்டு மளமளவென்று பெருகும் நோய் எதிர்ப்பு டி செல்லும் இதையே செய்கிறது. அதற்கென்ன கேன்சரா?

சாப்பாட்டில் சர்க்கரையை அடியோடு நிறுத்தினாலும் கல்லீரல் சும்மா இருக்காது. சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்ததும் தசைப் புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும். கட்டிக்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலம், கொழுப்பு என்று வேறு தீனியும் உண்டு. ஏற்கெனவே எடை இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியைப் பட்டினி போட்டால் முதலில் கரைவது அவர் தசை. "சர்க்கரையை இழுக்கும் கட்டியைப் படம் பிடிக்கிற பெட் ஸ்கேனுக்கு முன் வெறும் வயிறு என்கிறார்களே" என்பார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. ஃப்ளூரின்-18 ஏற்றிய குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைய ரத்தச் சர்க்கரையோடு போட்டி போடுகிறது. படம் தெளிவாக விழத்தான் அந்த 4 முதல் 6 மணி நேரப் பட்டினி. அப்படியும் கேன்சர் அல்லாத காசநோய்க் கட்டி படத்தில் பளிச்சென்று ஒளிரும். மூளையும்தான்.

ஆய்வகச் செய்திகளைப் படிக்கும்போதும் ஒரு சந்தேகம் வேண்டும். செல் வளர்க்கும் திரவமான மீடியத்தில் வழக்கமாக லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ். வெறும் வயிற்றில் நம் ரத்தத்தில் 1 கிராம்கூட இருக்காது. இந்தச் சர்க்கரைக் குளத்தில் செல்கள் அமிலத்தைக் கொட்ட, மீடியத்தின் சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி மஞ்சளாகும். ரோட்டினோன் போன்ற மைட்டோகாண்ட்ரியா விஷத்தை ஊற்றினாலும் பல வகைச் செல்கள் அசராது. அதே செல்களுக்குக் குளுக்கோஸுக்குப் பதில் 10 மில்லிமோலார் காலக்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கொடுத்துவிட்டு அதே விஷத்தை ஊற்றுங்கள், செத்து மிதக்கும். காலக்டோஸில் பாதி வழி ஏடிபி போதாது, மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தான் வாழ வேண்டும். ஆய்வகத் தட்டில் ஒரு மருந்து கேன்சர் செல்லைக் கொன்றது என்றால், கொல்லவில்லை என்றாலும்தான், மீடியத்தில் என்ன சர்க்கரை, எவ்வளவு என்று கேட்காமல் நம்பக்கூடாது.

முதுமை ஆராய்ச்சியைச் சொல்லி மாத்திரை விற்பவர்கள் இன்னொரு ரகம். சாதாரண மனிதச் செல் ஐம்பது முறை போலப் பிரிந்துவிட்டு நின்றுவிடும் என்று 1961ல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினார்கள். அந்த நிறுத்தம் கேன்சருக்கு எதிரான பிரேக். ஆனால் நின்ற செல் வாயை மூடிக்கொண்டு கிடப்பதில்லை. அழற்சிச் சமிக்ஞைகளைக் கக்கி, பக்கத்தில் இருக்கும் கட்டிக்கு உரம் போடவும் செய்யும். ஒரே செல், இரண்டு முகம். ஆன்டிஆக்ஸிடன்ட் கதையும் இப்படித்தான். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994லேயே வெளியான முடிவு. மாத்திரை விளம்பரத்தில் இதைத் தேடிப் பாருங்கள்.

"கிழட்டுச் செல்கள் இத்தனை குறைந்தன" என்று படம் போடுகிறார்களே, அந்த நீலச் சாயத்திலும் வம்பு உண்டு. கிழட்டுச் செல்லில் கூடுதலாக இருக்கும் பீட்டா காலக்டோசிடேஸ் நொதியைக் காட்டும் சாயம் அது. அதன் பிஹெச் (அமிலத்தன்மை அளவு) சரியாக 6.0 இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் தட்டைக் கார்பன் டை ஆக்ஸைடு இன்குபேட்டரில் வைத்தால் பிஹெச் இறங்கி, இளம் செல்லின் லைசோசோமில் (செல்லின் செரிமானப் பையில்) சாதாரணமாக இருக்கும் அதே நொதியும் நீலம் காட்டும். தட்டில் செல்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தாலும் இதே கதி. 37 டிகிரியில், அந்த வாயு இல்லாத அடுப்பில், இளம் செல்லின் தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டும். அந்த இளம் தட்டும் நீலமானால் அன்றைய எண்ணிக்கை குப்பைக்கு.