முதலில் உட்கார விடுங்கள்

ஊழியர்களுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தினோம் என்று படம் போடும் ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள், நல்லது. அதற்கு முன்னால், கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் அந்தப் பெண்களை உட்கார விடுங்கள்.

சட்டமே இருக்கிறது. கேரளாவில் கடைப்பெண்கள் போராடி 2018-லேயே உட்காரும் உரிமையை வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றார்கள். ஆனாலும் கூட்டமே இல்லாத மத்தியான நேரத்தில்கூடப் பல கடைகளில் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்ற பயம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும்; ரத்தக்குழாயில் உள்ள வால்வுகள் மெல்ல மெல்லக் கெடும். காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும் வெரிகோஸ் வெயின் வருவது இப்படித்தான். முற்றினால் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகிவிடும். பாத்ரூம் போக அனுமதி கேட்கவேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு அவதிப்படுகிறவர்கள் தனி.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் சித்தி மகளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ராத்திரி ஹாஸ்டலில் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பாள். முட்டிக்குக் கீழே ரத்தக்குழாய் நீலமாகப் புடைத்து, கயிறு போல முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆபரேஷனுக்குச் சித்தியின் வளையல் அடகுக்குப் போனது.

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் அது நடந்திருக்காது. முதலாளி கட்டவேண்டியது சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. சிகிச்சையோடு, நோய் விடுப்பில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அவள் பெயரையே கடையில் பதிவு செய்யவில்லை. அப்புறம் எங்கே போய்க் கேட்பது?

முதலாளிக்கும் இது நஷ்டம்தான். எந்தப் புடவை எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தக் கஸ்டமருக்கு எதை எடுத்துப் போடலாம் என்று தெரிந்த பெண் கால் வலி தாங்காமல் வேலையை விட்டால், புதிதாக வருகிறவள் அதைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். கவுண்டருக்கு இரண்டு ஸ்டூல் போட எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

தொழிலாளர் துறை ஆய்வுக்கு வரும்போது, ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், உட்கார விடுகிறார்களா என்று அந்தப் பெண்களிடம் தனியாகக் கேட்கவேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள்.