11 மாத ஒப்பந்தமும் 30 வருட மீனும்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி நேற்றிரவு தன் கடல்மீன் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 3 அடித் தொட்டி. ஒரு சோடி கோமாளி மீன், ஒரு இறால், நான்கைந்து மென்பவளம், பாறை முழுக்கப் பச்சை முடி போலப் பாசி. "அண்ணா, ஒரு டாங் மீன் விட்டால் இந்தப் பாசியை எல்லாம் தின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். விடலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். "ஏன் அண்ணா?" என்றார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததுதான் இந்தப் பதிவு. இதே கேள்வியை மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். இனி இதன் இணைப்பை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகலாம்.

உபதேசம் செய்யும் உரிமை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தப்பு செய்துதான் வந்தது. 2018இல் கொளத்தூர் மீன்கடைத் தெருவில் பவுடர் ப்ளூ என்ற வகை டாங் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை. தங்கமீன், கப்பி, மோலி, பைட்டர் என்று நன்னீர் மீன் பைகள் தோரணமாகத் தொங்கும் அந்தத் தெருவில் கடல்மீனுக்கு இடம் கடையின் உள்மூலையில்தான். அங்கே வெறும் கண்ணாடிப் பெட்டியில், உள்ளங்கை அளவில், வானநீல உடம்பும் கறுப்பு முகமும் மஞ்சள் முதுகுத்துடுப்புமாக அது நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் தட்டு, நேருக்கு நேர் பார்த்தால் ஒரு கோடு. வாலை அவ்வளவாக அசைக்காமல், இரண்டு பக்கத் துடுப்புகளையும் துடுப்புப் போடுவது போலவே அடித்துக்கொண்டு போகும். 3,000 ரூபாய் சொன்னார், 2,800க்கு இறங்கினார். எனக்கிருந்த மயக்கத்தில் 4,000 சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், வாடகைக்கு, முதல் மாடி. தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 250 லிட்டர். கண்ணாடியும் பாறையும் மணலும் சேர்ந்தால் 350 கிலோவைத் தொடும். வீட்டுக்காரர் ஐயா அதை வைத்த அன்றே மேலே வந்து, தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, "தம்பி, உத்தரம் இருக்கிற பக்கமாகத் தள்ளி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை அவருக்கு அந்தத் தொட்டி மேல் ஒரு கண். நியாயம்தான். கீழே தூங்குவது அவர்.

மீன் வந்து எட்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் தொலைக்காட்சி பார்க்கவில்லை. காசிமேட்டில் விசைப்படகில் போகும் மாமா ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். "ஓரா மாதிரி இருக்கிறதே" என்றார். ஓரா பாறையோரம் பாசி மேயும் மீன், முள் குத்தினால் கடுக்கும். இதற்கோ ஆயுதம் வாலடியில்: இரண்டு பக்கமும் ஒவ்வொரு கத்தி, தேவைப்படும்போது விரிவது. அதனால்தான் டாங் குடும்பத்துக்கே சர்ஜன் மீன் என்று பெயர். மாமா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "ஓரா கூட்டமாகத்தான் மேயும். இது மட்டும் ஏன் தனியாக நிற்கிறது?" என்று கேட்டார். பெரிய நிபுணன் போல நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலையில் அதன் துடுப்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். வெண்புள்ளி நோய். டாங்குகளை, அதிலும் பவுடர் ப்ளூவை, இது தேடிப்பிடித்துத் தாக்கும் என்பதை மீன் வாங்கிய பிறகுதான் படித்தேன். நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள் இருக்கும். பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு உடையும்போது ஒன்று நூறாக நீந்திக் கிளம்பி மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைந்தது என்று நாம் கற்பூரம் காட்டிக் கும்பிடும் நேரத்தில்தான் அது கீழே பெருகிக்கொண்டிருக்கிறது. இதற்கு மருந்து செம்பு. ஆனால் செம்பு பட்டால் இறாலும் நத்தையும் பவளமும் செத்துப்போகும். ஆகவே பவளம் இருக்கும் தொட்டியில் மருந்து ஊற்ற முடியாது. மீனை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

எடுப்பதற்குள் இரவு பதினொன்றாகிவிட்டது. பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாளியில் போட்டு, மூலையில் ஒதுக்கி, வலையால் அள்ளினேன். வாலடிக் கத்தி வலைக்கண்ணியில் மாட்டிக்கொண்டது. மீன் துள்ளத் துள்ள வலை இன்னும் இறுகுகிறது. என் மனைவி கத்தரிக்கோல் எடுத்து வந்து வலையை வெட்டினார். மீன் விடுபட்டது, என் கட்டைவிரலில் நேர்கோடாக ஒரு கீறல் விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மீன் இரண்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. கூட இருந்த இரண்டு குரோமிஸ் மீன்களும் போயின. கோமாளி மீன் ஒன்று மட்டும் பிழைத்தது. அதைத் தனிப் பெட்டியில் வைத்துவிட்டு, பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் ஓட்டினேன். மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிய அவ்வளவு காலம் விடுவதுதான் பொழுதுபோக்காளர்களிடையே வழக்கம். ஆள் இல்லாத வீட்டுக்குத் தினமும் விளக்குப் போட்டு அணைத்தது போல இருந்தது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்பது அவர் தொழில். என்னிடம் அவர் தொட்டியின் நீளத்தைக் கேட்கவில்லை, நானும் மீனின் நீளத்தைக் கேட்கவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது.

இப்போது தம்பியின் பாசிக்கு வருகிறேன். டாங் பாசி தின்னும் என்பது பொய்யில்லை. ஆனால் எந்த டாங் எந்தப் பாசியை? மஞ்சள் டாங் இழைப் பாசியைக் கடித்து இழுக்கும். கோலே டாங்கின் பல் சீப்பு மாதிரி; அது பாறைமேல் படிந்த மெல்லிய படலத்தைத்தான் சுரண்டும். எல்லோரும் ஆசைப்படும் நீல டாங் கடலில் பெரும்பாலும் நடுநீரில் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்று வளர்வது. பாசி தின்னட்டும் என்று அதை வாங்குவது, பாத்திரம் தேய்க்கப் பாகவதரை அழைத்து வருவது போல. போகட்டும், தின்னுகிற டாங்காகவே வாங்கினாலும், தின்றது எங்கே போகும்? அதே தண்ணீருக்குள்தான் கழிவாக விழும். அதற்கு மேல், பாசி தீர்ந்த பிறகு நாள்தோறும் கடற்பாசித் தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் மீன் இளைக்கும், தலையும் உடம்பின் பக்கவாட்டுக் கோடும் அரித்தது போலாகும். தம்பியின் தொட்டியில் பாசி வரக் காரணம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிஞ்சியது. அது மிஞ்சக் காரணம் ஒரு நாளைக்கு மூன்று முறை தீவனம். கூட ஒரு பெருந்தீனிக்காரனைக் கொண்டு வந்தால் எப்படிக் குறையும்?

இன்னொன்று, தம்பி, அந்தப் பாறையை எங்கே வாங்கினீர்கள்? "நாட்டுப் பாறை, விலை குறைவு" என்று யாராவது கொடுத்திருந்தால் யோசியுங்கள், அது பவளப்பாறையிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த ஒரு துண்டும் நம் வீட்டுக்கு வரக்கூடாது. இதைத் தனிப் பதிவாகவே எழுத வேண்டும், இன்று வேண்டாம்.

"சின்ன டாங்தானே, வளர்ந்தால் பெரிய தொட்டி வாங்கிவிடலாம்" என்பார்கள். இந்த வாக்கியத்தை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். நீல டாங் ஓர் அடி வளரும். செயில்பின் வகை 40 சென்டிமீட்டர் போகும். கடையில் நாம் பார்ப்பது கைக்குழந்தையை. அனுபவமுள்ளவர்கள் நீல டாங்குக்கு 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி என்று சொல்வார்கள், 680 லிட்டர். அதை எங்கள் மாடியில் வைத்தால் ஐயா கீழ்வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். லிட்டரைவிட முக்கியம் நீளம். இந்த மீனுக்குத் தேவை ஓட ஒரு தெரு. கொடுங்கையூரில் ஒரு நண்பர் வீட்டில் 4 அடித் தொட்டியில் மஞ்சள் டாங் ஒன்றைக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு நிமிடத்தில் 14 முறை திரும்பியது. போய்க் கண்ணாடியை முட்டும் நேரத்தில் உடம்பைச் சாய்த்துத் திரும்பும், வந்த வழியே வரும், மறுபடி. பக்கக் கண்ணாடியில் தன் நிழலைப் பார்க்கும்போது மட்டும் ஒரு கணம் நின்று துடுப்பை எல்லாம் விரித்துச் சண்டைக்கு நிற்கும். "எவ்வளவு சுறுசுறுப்பு பார்" என்றார் நண்பர். எனக்கு மத்தியச் சிறை பழைய கட்டடத்தில் இருந்த காலத்தில் கேள்விப்பட்ட கதைகள் நினைவுக்கு வந்தன. சொல்லவில்லை. காபி கொடுத்திருந்தார்.

அவரே பிறகு 6 அடித் தொட்டிக்கு மாறினார், இன்னொரு டாங்கும் சேர்த்தார். உண்மையிலேயே நன்றாக வைத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. வடசென்னையில் யாருக்கும் அந்த நாட்களை நினைவூட்டத் தேவையில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, கைப்பேசியும் இல்லை. அலைமோட்டார் நின்றால் முதலில் தவிப்பது ஓடியாடும் பெரிய மீன்தான், அதற்குத்தான் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். நண்பர் பேட்டரி காற்றுக் குழாயை வைத்து ஓர் இரவு தாண்டினார், இரண்டாம் இரவு இரண்டு டாங்கும் போயின. நான் என் வீட்டில் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். விரல் நீளக் கோமாளிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. புயல் கிடக்கட்டும், கத்திரி வெயிலில் நான்கு மணிநேரம் மின்சாரம் போனால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. நம் ஊரில் டாங் வைக்கிறவர் மீன் விலையோடு இன்வெர்ட்டர் விலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எனக்கு மனத்தில் முள்ளாய்க் குத்துவது வேறு. மஞ்சள் டாங் கடலில் 40 ஆண்டு வரை வாழ்கிறது. இந்தக் குடும்பத்தில் 30 ஆண்டைத் தாண்டும் இனங்கள் பல. கொளத்தூர்ப் பையில் தொங்கும் கப்பி அங்கேயே யாரோ ஒரு அக்காவின் சிமென்ட் தொட்டியில் பிறந்தது. கோமாளி மீனையும் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பொரிக்க வைத்துக் காட்டிவிட்டன. டாங் அப்படியில்லை. அதன் குஞ்சு வாரக்கணக்கில் நடுக்கடலில் கண்ணாடி போல மிதந்து திரியும். முதல் இரை கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. மஞ்சள் டாங்கை ஹவாயில் முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது 2015இல், நீல டாங்கை புளோரிடாவில் 2016இல். இன்று வளர்ப்பு டாங் கிடைக்கிறது, ஆனால் நம் கடை மூலைக்கு வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு பவளத்திட்டில் வலை போட்டுப் பிடித்ததுதான். 40 வருடம் வாழ வேண்டியதைப் பிடித்து வந்து, 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் வாழும் நான் வாங்குகிறேன். என் மகளுக்கு இப்போது 9 வயது. அந்த மீன் ஒழுங்காக வாழ்ந்தால் அவள் பிள்ளைகள் அதற்குப் பாசித்தாள் போட வேண்டும்.

யாருமே வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்த வீடு, தரைத்தளம், 6 அடித் தொட்டி, தனியாக ஒரு மருத்துவப் பெட்டி, நின்றுபோகாத மின்சாரம், இவையெல்லாம் இருந்து, வளர்ப்பு மீனாகக் கேட்டு வாங்கினால், வாழ்த்திவிட்டு வந்து பார்த்து ரசிப்பேன். பொறாமையோடுதான். கொளத்தூர் போகும்போதெல்லாம் இன்றும் அந்த மூலைக்குப் போய் ஐந்து நிமிடம் நிற்கிறேன். கடைக்காரர் இப்போது விலை சொல்வதில்லை.

தம்பி, உங்களுக்கு: தீவனத்தை ஒரு வேளையாக்குங்கள். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், குழாய்த் தண்ணீரில் அல்ல, ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலந்து. ஐந்தாறு நத்தை விடுங்கள். ஒருநாள் 4 அடித் தொட்டி வாங்கினால் லான்மோவர் பிளென்னி என்ற பாசி மேயும் மீன் ஒன்று விடலாம். என்னிடம் ஒன்று இருக்கிறது. தவளை முகம், அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் விளக்குப் போட்டவுடன் கண்ணாடியில் பாசி படிந்த இடத்தில் உதட்டை வைத்து ஒத்தி எடுக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்ன முத்தத் தடங்கள். அதைத் துடைக்க என் மகள் விடுவதில்லை.

போன வாரம் ஐயா மேலே வந்தார். தரையைத் தட்டவில்லை. மகனுக்குத் திருமணம், மாடி வேண்டுமாம், தை வரை இருந்துகொள்ளலாமாம். நேற்று நீலப் பீப்பாய்கள் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீருக்கு ஐந்து, பாறைக்கு இரண்டு. இரண்டு கோமாளிகளும் பிளென்னியும் ஒரே வாளியில் வந்துவிடும். மகள் அந்த வாளியைத் தானே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவேன் என்கிறாள்.