கடிச்சது நாய், காசு கட்டுறது யாரு?

"ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா மோந்து பார்க்கும், அவ்வளவுதான்."

நாய் வளர்ப்பவர்கள் வாயிலிருந்து இதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். லிஃப்டில், மாடிப்படியில், காலையில் பால் வாங்கப் போகிற வழியில். சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவரை அது ஒன்றும் பண்ணியதில்லை, அதனால் மனப்பூர்வமாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த உத்தரவாதம் பொய்த்துப்போனால் அவர் கையிலிருந்து என்ன வரும்? எனக்கு அது ஒன்றுதான் கேள்வி. நாய் பற்றி எது எழுதினாலும் கமெண்ட்டில் நாய்ப் பிரியர்களும் நாய் எதிரிகளும் கட்டிப் புரள்வார்கள். கடிபட்டவருக்கு எத்தனை நாள் கூலி போச்சு என்று அந்தச் சண்டையில் ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் நாலு வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வந்த லாப்ரடார் அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ராட்வீலர் இல்லை, பிட்புல் இல்லை. குழந்தை மாதிரி என்று எல்லோரும் சொல்கிற அதே லாப்ரடார். கயிறு மாட்டியிருந்தது, ஆனால் அதன் மறுமுனையைப் பிடித்திருந்த பையனுக்கு வயது பத்துக்குள்தான் இருக்கும். அக்கா உட்கார்ந்துவிட்டார். ஒருவர் ஓடிப்போய் மஞ்சள்தூள் கொண்டுவந்தார், இன்னொருவர் காபித்தூள் வைக்கச் சொன்னார். நல்லவேளையாக செக்யூரிட்டி அண்ணன் பம்ப் ரூம் பக்கத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவவைத்தார். (15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் முதல் வைத்தியம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள்.) அதற்குள் வீட்டுக்காரர் நாயின் தடுப்பூசி கார்டோடு இறங்கி வந்தார். "இங்க பாரும்மா, எல்லா ஊசியும் போட்டிருக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, கார்டைக் காட்டி, 500 ரூபாயும் கொடுத்தார்.

நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காக மனுஷிக்கு ஊசி வேண்டாம் என்று ஆகிவிடாது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால் யாருடைய கார்டையும் நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. ஜி.எச்.சில் ஊசி இலவசம்தான். கடித்த அன்று ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் ஒவ்வொன்று. காயம் ஆழமென்றால் அதைச் சுற்றியே இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே மடக்கும் எதிர்ப்புப் புரதம்) போடுவார்கள். ஊசிக்குக் காசு இல்லை, சரி. வரிசையில் நிற்கிற அரை நாளுக்கு? ஆட்டோவுக்கு? கால் வீங்கி வேலைக்குப் போகாத நாளுக்கு வீட்டுக்காரம்மா பிடித்துக்கொள்ளும் சம்பளத்துக்கு? 500 ரூபாய் முதல் வாரத்தையே தாண்டவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். போனோம். "நாய்க்கடியாம்மா? பேசி முடிச்சுக்கோங்க" என்றார்கள். நான் விடாமல் நின்றதால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "வேணாம்மா. கேஸு கீஸுனு போனா அப்புறம் அந்த பிளாக்குல எவ எனக்கு வேலை குடுப்பா?" அத்தோடு முடிந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

சரி, போயிருந்தால் சட்டம் என்ன தந்திருக்கும்? முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 289-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 291. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்யாமல் விடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். அந்த வகையில் ஐந்து மடங்கு முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நாயை வாங்கிய பில் யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை, அந்த நேரத்தில் நாய் யார் வசம் இருந்தது என்பதுதான். முதலாளி ஊரில் இல்லாதபோது நாயை நடத்திக்கொண்டு போகும் வேலையாள் மாட்டிக்கொள்வதற்கும் இதில் இடமிருக்கிறது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. 50 கிலோ நாயை 45 கிலோ ஆளிடம் கொடுத்தனுப்பியவர்தான் முதல் பொறுப்பாளி. இரண்டு, சட்டம் உயிராபத்து, கொடுங்காயம் என்று பேசுவதால், நாலு பல் பதிந்த காயத்தை "இதெல்லாம் ஒரு கேஸா" என்று ஓரங்கட்டுவது சுலபம். கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவதற்கு 125-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ஆள் இறந்துபோனால் 106 வரும், 5 வருடம் வரை சிறை. பிரிவுகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் அபராதம் என்பது அரசாங்கத்துக்குப் போகிற பணம். கடிபட்டவருக்கும் ஒரு தொகை கொடு என்று நீதிபதி உத்தரவிடச் சட்டத்தில் வழியுண்டு, அவர் மனம் வைக்க வேண்டும். இல்லையென்றால் சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு. அங்கே ஆங்கிலேயர் விட்டுப்போன ஒரு பழைய மரபு காத்திருக்கிறது. சிங்கம் புலி வளர்த்தால் அது என்ன செய்தாலும் வளர்த்தவர்தான் பொறுப்பு. நாய் சாதுப் பிராணி. ஆகவே இந்த நாய் கடிக்கும் குணமுள்ளது என்று அதன் உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்று கடிபட்டவர் நிரூபிக்க வேண்டும், அல்லது அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டும். பச்சையாகச் சொன்னால் முதல் கடி இலவசம். "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லைங்க" என்று எல்லோரும் முதலில் அதைச் சொல்வது சும்மா இல்லை.

கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை மாட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கணக்கில் அது எதிராகத் திரும்பவே வாய்ப்பு அதிகம். ஆபத்தென்று உனக்கே தெரிந்திருக்கிறது, பிறகு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் உள்ளே வரும்போது ஏன் கட்டிப்போடவில்லை? சுவரேறிக் குதித்தவனுக்கு வேண்டுமானால் அந்தப் பலகையைக் காட்டலாம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியது ஞாபகமிருக்கும். அந்தப் பூங்காக் காவலாளியின் மகள் அவள். நாய்களின் உரிமையாளர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அதிலும் கைது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் டி.வி.யில் ஒரு வாரம் விவாதம், மாநகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு. உரிமம் கட்டாயம், மைக்ரோசிப் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 அபராதம். 2025 டிசம்பரிலிருந்து பிட்புல், ராட்வீலருக்குப் புது உரிமம் கிடையாது. இதற்கு முன் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை போடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது, டெல்லி, கர்நாடக ஹைகோர்ட்டுகளில் அது நிற்கவில்லை. கயிறு, வாய்க்கூடு, உரிமம் எதற்கும் நான் எதிரியில்லை. ஆனால் இந்த அறிவிப்புகளையெல்லாம் தேடிப் பாருங்கள், கடிபட்டவர் கைக்கு ஒரு ரூபாய் போகும் வழி எதிலாவது இருக்கிறதா? இனத்தடையும் அப்படித்தான். அக்காவைக் கடித்தது தடைப் பட்டியலில் இல்லாத நாய்.

ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிப்டியை ரோட்டில் இறக்கினாலும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வேண்டும். வண்டி ஓட்டுகிறவன் கெட்டவன் என்பதற்காக இல்லை, எவ்வளவு நல்லவன் ஓட்டினாலும் என்றாவது ஒருநாள் இடிக்கும், இடிபட்டவன் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். ஆக, இந்த யோசனை நமக்கு ஒன்றும் புதிதில்லை. நாய் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள் இல்லையா, கூடவே தேர்ட் பார்ட்டி பாலிசியையும் கேட்டால் என்ன? நாய்க்கான பாலிசியில் இந்தப் பொறுப்பையும் சேர்த்துத் தரும் நிறுவனங்கள் இப்போதே இந்தியாவில் இருக்கின்றன. கட்டாயம் இல்லை என்பதால் எடுப்பாரில்லை. ஜெர்மனியில் ஆசைக்கு வளர்க்கும் பிராணி யாரையாவது காயப்படுத்தினால், கவனமாக இருந்தேன் என்ற சாக்கெல்லாம் செல்லாது, வளர்ப்பவர்தான் நஷ்டஈடு தர வேண்டும். சிவில் சட்டம் 833-ஆம் பிரிவு. பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாய் வளர்க்கவே பொறுப்புக் காப்பீடு கட்டாயம். அங்கே யாரும் நாய் வளர்ப்பதை விட்டுவிடவில்லை.

"அப்போ ஏழைங்க நாய் வளர்க்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கும் முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய நாய்க்கும் ஒரே பிரீமியம் வைக்க வேண்டியதில்லை. உரிமக் கட்டணத்திலேயே சில ரூபாய் சேர்த்து மாநகராட்சியே எல்லோருக்கும் சேர்த்து குரூப் பாலிசி எடுக்கலாம். கல்லால் அடித்துச் சீண்டியவனுக்கும், திருட வந்தவனுக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பயந்து ஓடியதெல்லாம் சீண்டல் கணக்கில் வராது. நாய் குரைத்தால் ஓடத்தான் செய்வான் மனுஷன்.

தெருநாய் வேறு கதை. அதற்கு முதலாளி இல்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்று நகராட்சிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. கருத்தடை செய்து, தடுப்பூசி போட வேண்டியது உள்ளாட்சி என்று மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. செய்யாமல் விட்டு, கடித்த பிறகு கையை விரித்தால் எப்படி? தமிழ்நாட்டில் மட்டும் 2024-ல் நாய்க்கடி கிட்டத்தட்ட 4.8 லட்சம். பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் 2023 நவம்பரில் இதற்கு ஒரு விலைப்பட்டியலே போட்டுவிட்டது: பதிந்த ஒவ்வொரு பல்லுக்கும் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 செ.மீ. காயத்துக்கும் குறைந்தது 20,000. முதல் பொறுப்பு மாநில அரசு. படித்தபோது சிரிப்பு வந்தது, பல்லை எண்ணுகிறார்களே என்று. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. எண்ணுகிற மாதிரி ஒன்றைச் சொன்னால்தான் குமாஸ்தா கையெழுத்துப் போடுவார். "தகுந்த இழப்பீடு" என்று எழுதினால் ஃபைல் பத்து வருஷம் தூங்கும். கேரளத்தில் தெருநாய் கடித்தவர்களுக்கு இழப்பீடு முடிவு செய்ய 2016-லேயே சுப்ரீம் கோர்ட் ஓய்வுபெற்ற நீதிபதி சிரிஜகன் தலைமையில் கமிட்டி அமைத்தது.

நம் ஊரில்? காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றபோது விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டுக்கு வந்தார்கள். 2025-ல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் இவ்வளவு என்று அரசு இழப்பீடு அறிவித்தது. நல்ல காரியம், அவர்கள் போராடி வாங்கியது. ஆடு வளர்ப்பவருக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கும்போது, அதே நாய் ஆட்டுக்காரரையே கடித்தால் அவர் மட்டும் வக்கீலைத் தேடிப் போகணுமா?

2025 ஆகஸ்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டில் நடப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடை என்றார்கள். பத்து நாளில் அதை மாற்றி, ஊசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடு என்றார்கள். நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையத்திலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னார்கள். இந்தக் களேபரத்தில் சோறு வைப்பவர்கள் மேல் ஊருக்கே கோபம். ஒரு பாட்டி மிச்சச் சோறு வைப்பதால் அந்த நாய் கடிக்கெல்லாம் அவர் பொறுப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதேசமயம், பத்து நாய்க்குப் பெயர் வைத்து, ஸ்கூல் வாசலிலேயே தினம் விருந்து வைத்து, கார்ப்பரேஷன் வண்டி வந்தால் மறிக்கிறவர் "அது என் நாய் இல்லையே" என்று ஒதுங்குவதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, இன்றைக்கு உங்கள் வீட்டில் யாரையாவது நாய் கடித்தால் செய்ய வேண்டியது. தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். ஜி.எச். கேஷுவால்டியில் நாய்க்கடி என்று சொல்லி, எந்த இடத்தில், யார் வீட்டு நாய் என்பதையும் சேர்த்து ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், ஆஸ்பத்திரியின் காயப் பதிவு) போடச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். காப்பி இல்லாமல் பின்னால் வழக்கு நகர்வது கஷ்டம். கழுவிய பிறகு காயத்தை போட்டோ எடுங்கள். அபார்ட்மெண்ட் சி.சி.டி.வி. பதிவு சில நாளில் அழிந்துவிடும், அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். ஆட்டோ, மருந்து, சம்பளப் பிடித்தம் எல்லாவற்றுக்கும் துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் புகார் வாங்க மறுத்தால், அதையே எழுதித் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், எஸ்.சி./எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசம். சி.எஸ்.ஆர்., ஏ.ஆர். காப்பி இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.