வேன் ஜன்னலுக்கு எட்டாத பேச்சு

திருப்பூரில் பனியன் கம்பெனி விடும் நேரத்தில் நடக்கும் கேட் மீட்டிங்குகளை, அதாவது வாசலில் தொழிற்சங்கத்தார் பேசும் கூட்டங்களை, சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அப்பா காலத்தில் ஆட்கள் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்பார்களாம். 1984இல் பஞ்சப்படிக்காக (விலைவாசிக்கு ஏற்பக் கூலியோடு தரும் படி) 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரிதான் பேசுவார்.

போன மாதம் ஒரு கம்பெனி வாசலில் நானும் நின்றேன். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தோழர் ஒருவர் நன்றாகவே பேசினார். ஆனால் கேட்க வேண்டியவர்கள் உள்ளேயே வேன் ஏறிவிட்டார்கள். எங்களைத் தாண்டி வேன் போனபோது, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா தெரிந்தார். முடியெல்லாம் பஞ்சு. ஊரில் இறங்கி அப்புறம்தான் அவர் உலை வைக்க வேண்டும்.

இடதுசாரிக் கட்சிகள் மேல் உள்ள பிரியத்தில்தான் இதை எழுதுகிறேன். திருப்பூர் மக்களவைத் தொகுதியில் 2019, 2024 இரண்டு முறையும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சுப்பராயன் ஜெயித்தார். சந்தோஷம்தான். ஆனால் அது பெரிய கூட்டணியோடு சேர்ந்து வந்த வெற்றி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் கட்சி வேர்விட்டிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. இடதுசாரிகளும் சங்கங்களும் விடாமல் எதிர்த்தார்கள், மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. உண்மையிலேயே பெரிய வெற்றி. அதை என் சித்தியிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "நாங்க இப்பவே காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தானே கண்ணு வர்றோம்?" பனியன் கம்பெனியில் அதற்குப் பெயர் ஒன்றரை ஷிப்ட். அதுதான் அங்கே வழக்கம். எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடத்த முடியாது என்பதால், ஒன்றரை ஷிப்ட் இல்லாத வாரம்தான் அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்திலிருந்து பேச்சைத் தொடங்கியிருந்தால் சித்தி உட்கார்ந்து கேட்டிருப்பார்.

சித்தியின் இன்னொரு கவலை பிஎஃப். பதினோரு வருஷம் வேலை பார்த்த கம்பெனி, பிஎஃப் கணக்கில் அவர் பெயரை ஒரு எழுத்து மாற்றிப் பதிந்திருந்தது. ஆதாரோடு பொருந்தவில்லை. திருத்தக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள், கம்பெனியோ மூடியாகிவிட்டது. பிரவுசிங் சென்டருக்கு நாலு தடவை நடந்தார். ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி போனது. கட்சிக் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டால், "என்ற பிஎஃப் பணத்த வாங்கிக் குடுப்பாங்களான்னு கேளு சாமி" என்கிறார். இதைச் சில்லறைக் கோரிக்கை என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள். அது அவருடைய பதினோரு வருஷ உழைப்பு.

2021இல் வந்த கட்டணமில்லா பஸ்ஸையும், 2023 செப்டம்பரில் வந்த ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையையும் பெண்கள் ஏன் மறக்காமல் சொல்கிறார்கள்? அது கைக்கு வந்து சேர்ந்தது. 'இலவசம் காட்டி ஓட்டு வாங்குகிறார்கள்' என்று பேசும் தோழர்கள், மாதக் கடைசியில் அந்த ஆயிரம் என்ன செய்கிறது என்று ஒரு வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கட்சி வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒரு நாள்தான் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். பிஎஃப், இஎஸ்ஐ, காண்ட்ராக்டர் பிடித்துவைத்த பீஸ் ரேட் பாக்கி, குழு லோன் வசூலுக்கு வந்து வாசலில் கத்துகிறவன் என எதுவாக இருந்தாலும் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் பதிலோடு வர வேண்டும். உறுப்பினர் படிவத்தை முதல் வருஷம் வெளியே எடுக்கவே வேண்டாம்.

பக்கத்து வீட்டில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. அவர்களிடமும் போக வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது அவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்று பார்த்தோமே. கம்பெனியில் ஒரே தையல் லைனில் தைக்கிறவர்களில் பாதிப் பேரை விட்டுவிட்டு எந்தக் கூலியையும் உயர்த்த முடியாது.

பிஎஃப் வேலை தெரிந்த தோழர்கள் யாராவது இந்த ஞாயிறு பத்து மணிக்கு மேல் வர முடிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். சித்தி இருக்கும் லைன் வீடுகளில் மட்டும் இதே பிரச்சினையோடு ஆறு பேர் இருக்கிறார்கள்.