நயாகராவுக்குக்கூட ராத்திரியில் ஓய்வு உண்டு

குடும்பக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நாலு நிமிட வாய்ஸ் மெசேஜைக் கேட்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். கேட்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "கனடா போனோம்னுதான் பேரு, நாலு சுவரைத்தான் பாத்துட்டு வந்தோம்." கனடாவில் என் வீட்டில் 38 நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பின சித்தப்பாவின் குரல்தான். அதற்குக் கீழே பதினோரு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் என் வீட்டு சோபாவில் வாரக்கணக்கில் தூங்கிவிட்டுப் போனவர்கள்.

சரி, நாலு சுவர். 38 நாட்களில் அந்த நாலு சுவர் போக நயாகரா இரண்டு தடவை (முதல் தடவை எடுத்த படத்தில் சித்தப்பா கண்ணை மூடியிருந்தார், அதனால் மறுபடியும்), டொரன்டோவின் சி.என். டவர், ஒட்டாவா நாடாளுமன்றம், ஆயிரம் தீவுகள். இங்கெல்லாம் கார் தானாக ஓடிப் போகவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. லீவு போட்டுவிட்டு வருகிறவர்கள் நீங்கள். நான் லீவில் இல்லை.

நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரே வேலையில் ஐந்து வருடம் முடிக்காதவர்களுக்குச் சட்டப்படி கிடைப்பது வருடத்துக்கு இரண்டு வாரம். அதற்கு மேல் கொடுப்பது முதலாளியின் பெரிய மனசு. எனக்கு வாய்த்த இடத்தில் அந்த மனசு இல்லை. அந்தப் பத்து நாளில் ஆறு நாள் சித்தப்பாவோடு போயிற்று. மிச்சம் நாலு நாளை வைத்துக்கொண்டு டிசம்பரில் ஊருக்கு வர முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியாது. வராமல் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும், அதுவும் தெரியும்.

"வீட்ல இருந்துதானே வேலை பாக்குறா" என்று வேறு அதில் வருகிறது. ஆமாம், வீட்டிலிருந்துதான். சாப்பாட்டு மேசை, லேப்டாப், எனக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ். ஒரு நாள் வாடிக்கையாளரோடு கேமரா போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன், சட்டையில்லாமல் தோளில் துண்டோடு ஒருவர் சாவகாசமாக வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, நல்ல நேரம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தயிர் எங்கம்மா?" என்றார். எட்டு பேர் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமை.

அப்புறம் நயாகரா. நான் இதுவரை 14 தடவை போயிருக்கிறேன். க்யூ.ஈ.டபிள்யூ நெடுஞ்சாலையில் பர்லிங்டன் பாலம் வருவதற்குள் பின் சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். கனடா பக்கத்துப் படகில் சிவப்பு மழைக்கோட்டு, அமெரிக்கப் பக்கத்துப் படகில் நீலம், இதை 14 தடவை விளக்கியிருக்கிறேன். யாரும் கேட்காத இன்னொன்றும் தெரியும். 1950ல் இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்தில் பகலில் அருவியில் விநாடிக்குக் குறைந்தது 2,832 கனமீட்டர் தண்ணீர் விழ வேண்டும். ராத்திரியிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும், மீதியை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் அருவிக்கே பாதி வேலைதான். எனக்கு அப்படி எந்த நாடும் ஒப்பந்தம் போடவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்திருக்கிறேன்.

"ஒரு கோட்டை, அதை வெளியிலேயே காட்டிக் கூட்டிட்டு வந்துட்டா" என்கிறாரே, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஆயிரம் தீவுகளில் அந்த போல்ட் கோட்டை இருக்கிற தீவு அமெரிக்காவுடையது. படகிலிருந்து இறங்கினால் அங்கே அமெரிக்கக் குடிவரவு அதிகாரி நிற்பார், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். வீட்டில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை, டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒரு தடவை சொன்னேன். "சின்னத் தீவுதானம்மா, யாரு கேக்கப் போறா?" என்றார். கேட்பார்கள் சித்தப்பா. கேட்டால் உங்களுக்கு அழைப்புக் கடிதம் கொடுத்தவள் நான். தங்க இடம், சாப்பாடு, செலவு எல்லாம் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், டிரைவர் என்று அதில் எழுதவில்லை. இங்கே வருகிறவர்களுக்கு அரசு மருத்துவம் கிடையாது என்பதால் காப்பீடும் நான்தான் எடுத்தேன். அது வாய்ஸ் மெசேஜில் வரவில்லை. நாலு நிமிடத்தில் எவ்வளவுதான் சொல்வார்.

இப்போது கிளம்பி வருவார்கள். "வயசானவங்க, ஏதோ சொல்லிட்டாங்க, பெருசு பண்ணாத." 62 வயது. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார், குழுவில் தினமும் அடிக்கணக்கைப் போடுகிறார். வயசானவர் என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள் அவரிடம்.

"டிக்கெட் அவங்க காசுலதானே போட்டாங்க." ஆமாம். விமானம் அவர்கள் காசில் வந்தது. விமான நிலையத்துக்கு இந்தப் பக்கம் வந்தது எல்லாம் யார் காசு?

"நீங்க ஊருக்கு வரும்போது எங்களை அலைய விடலையா?" விட்டிருக்கிறோம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் யாரையும் ஊர் குழுவில் ஏலம் போடவில்லை.

"உன்னைப் படிக்க வைக்க அலைஞ்சவரு." இதைத்தான் கடைசியாக எடுப்பீர்கள் என்று தெரியும். கலந்தாய்வுக்கு அப்பாவால் வர முடியாமல் போன அன்று, காலை ஐந்து மணிக்கு பைலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் என்னோடு நின்றவர் அவர்தான். நான் மறுத்தேனா? அதனால்தானே இரண்டாவது தடவையும் நயாகராவுக்குக் கூட்டிப்போனேன். கண் மூடின போட்டோவுக்காக 130 கிலோமீட்டர் யாராவது போவார்களா? அன்று அவர் வரிசையில் நின்றதை நான் எந்தக் குழுவிலும் "காலேஜ்ல சேத்து விட்டாங்கன்னுதான் பேரு" என்று பேசினேனா? விடுங்கள். இதற்கு மேல் எழுதினால் வேறு எங்கோ போய்விடும்.

38 நாளில் என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. சம்பளம் கேட்டார்கள், வீட்டுக் கடன் கேட்டார்கள். சித்திதான் ஒரு நாள் ராத்திரி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "நீ எப்பதாண்டி தூங்குவ?" என்றார். நான் சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

அந்த மெசேஜை ஆறு தடவை கேட்டேன். மூன்றாவது நிமிடம் தாண்டி, பின்னால் குக்கர் விசில் வருகிற இடத்தில், சித்தி குரல் மெதுவாகக் கேட்கிறது. "போதும் விடுங்க, பாவம் அவ." அவர் நிறுத்தவில்லை. பதினோரு பேரில் யாருக்காவது அது கேட்டதா தெரியவில்லை.

ஆகஸ்டில் அத்தை வீட்டுக்காரர்கள் ஐந்து பேர் வருகிறார்கள். படகுக்கு ஐந்து டிக்கெட் போட்டாயிற்று. எனக்குப் போடவில்லை. மேலே கம்பி ஓரமாக நிற்கிறேன், கைப்பையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.