பாக்ஸனின் மேற்கோள்கள்: ஒரு திருத்தம்

"வெர்ன் பாக்ஸனின் மேற்கோள் எண்ணிக்கை எல்லாம் ப்ரோ என்ற ஒரே மென்பொருளால் வந்தது, பயன்படுத்தியவர்கள் போட்டு ஏற்றிவிட்டார்கள்" என்று இணைய ஆய்வாளர் பாக்ஸனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். (மேற்கோள் எண்ணிக்கை என்றால், மற்ற ஆய்வுக் கட்டுரைகள் அவர் எழுதியதை எத்தனை முறை சான்றாகக் காட்டின என்பது.) மன்னிக்கணும், இது சரியில்லை.

கணினி வலையமைப்பில் ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் ப்ரோ பற்றிய 1998 கட்டுரைக்கு மேற்கோள்கள் குவிந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, 1995இல், சாலி ஃப்ளாய்டுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. தொலைபேசி அழைப்புகளுக்குப் பொருந்திய பாய்சான் கணக்கு (ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வருபவற்றுக்கான நிகழ்தகவுக் கணக்கு) இணையப் போக்குவரத்துக்குப் பொருந்தாது என்று 24 போக்குவரத்துப் பதிவுகளை வைத்துக் காட்டினார்கள். அழைப்பு தூறல் மாதிரி வரும். இணையத்தில் தகவல் துண்டு துண்டாகப் போகும் பாக்கெட்டுகளோ கொட்டித் தீர்க்கும், ஓயும், மறுபடி கொட்டும். அதில் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. கணினித் துறையின் 2007 கிரேஸ் ஹாப்பர் விருதும் அவருக்கு இணையத்தை அளந்த வேலைக்காகக் கிடைத்ததுதான்.

அப்புறம், ப்ரோவை (2018 முதல் அதன் பெயர் ஜீக்) ராத்திரி ஷிஃப்டில் கண்காணிக்கிற ஆள் எங்கே ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்? பயன்பாடு மேற்கோளை ஊதவில்லை, பெரும்பாலும் அதில் பதிவாகவே இல்லை.

ஆர்எஃப்சி 2988 என்ற இணைய விதி ஆவணத்தையும் பாருங்கள். பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்து மறுபடி அனுப்புவது என்பதற்கான விதி அது, பாக்ஸனும் மார்க் ஆல்மனும் எழுதியது. முதலில் 3 விநாடி. 2011இல் ஆர்எஃப்சி 6298 அதை 1 விநாடியாக்கியது. உங்கள் போனிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. நீங்கள் மேற்கோள் காட்டினீர்களா என்ன?