கட்டத்தை நெய்தது நாம், கட்டியது அவர்கள்

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு படம் போட்டிருந்தார். கரீபியன் தீவு ஒன்றில் கறுப்பினப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பாவாடையிலும் தலைக்கட்டிலும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள். அச்சு அசலாக நம் ஊர்க் கைலித் துணி. படத்துக்குக் கீழே, “இந்தத் துணிக்கு அங்கே பெயரே மெட்ராஸ். கூலி வேலைக்குப் போன நம் தமிழன் கொண்டுபோய்க் கொடுத்தது. பெருமையோடு பகிருங்கள்” என்று எழுதியிருந்தது. ஆளாளுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: “பெரியப்பா, தேதி இடிக்கிறது.” எதிலும் குறை காண்பதே உனக்கு வேலையாகிவிட்டது என்று பதில் வந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் தேதிக் கணக்கு. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை இறுதியாக ஒழிந்தது 1848இல். அதன் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமல்தான் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். முதல் கப்பல் மார்த்தினிக்கைத் தொட்டது 1853இல், குவாதலூப்பை 1854இல். அந்தத் தீவுகளின் பெண்களோ பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மெட்ராஸ் துணியைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் கரையிறங்கியபோது, அவர்களுடைய ஊர்ப் பெயரைச் சுமந்த துணி அங்கே போய்ச் சேர்ந்து தலைமுறைகள் ஆகியிருந்தன.

அப்படியானால் துணி எப்படிப் போனது? அதைத்தான் இந்த ஃபார்வர்டுகள் சொல்வதில்லை. மனிதர்களை வாங்கும் காசாகப் போனது.

சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி லண்டனுக்கும் பிரான்சின் லோரியான் துறைமுகத்துக்கும் போய் ஏலத்தில் விலைபோகும். பிறகு லிவர்பூல், நாந்த் நகரக் கப்பல்களில் ஏறி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். அந்தக் கரையின் வியாபாரிகள் துணி விஷயத்தில் ஏமாளிகள் அல்லர். ஐரோப்பாவில் செய்த போலிச் சரக்கை ஒதுக்கிவிட்டு இந்தியத் துணியைத்தான் கேட்பார்கள். துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம், சோழி இவற்றோடு துணி மூட்டைகள் இறங்கின. மனிதர்கள் ஏறினார்கள். அந்தக் கரையின் பெயரால் கினித் துணி என்றே ஒரு ரகத்துக்குப் பெயர் இருந்தது. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலேய வியாபாரிகள் வைத்திருந்த பெயர்களில் ஒன்று ‘புலிக்காட்’. அதாவது நம் பழவேற்காடு. அதே பழவேற்காட்டிலிருந்துதான் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பஞ்சத்தில் அடிபட்ட நம் மக்களையே அடிமைகளாக வாங்கிப் படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். துணிக்கும் ஆளுக்கும் ஒரே துறை.

தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்த நெசவாளிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. முன்பணம் கொடுத்தவனிடம் அவனே கடனாளி. அவன்மேல் பழி போடுவது என் நோக்கமல்ல. பெருமைப்படுவதற்கு முன்னால் பில்லை ஒருமுறை பார்த்துவிடலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

மறுகரையில், விற்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு உடுத்த என்ன கிடைத்தது? 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலனி அடிமைகளுக்காகப் பிறப்பித்த கறுப்பர் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதைக் கணக்காகச் சொல்கிறது. அடிமை ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டுத் துணி உடைகள், அல்லது நான்கு ‘ஓன்’ துணி. எதைக் கொடுப்பது என்பது எஜமானரின் இஷ்டம். ஓர் ஓன் ஏறக்குறைய 1.19 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஐந்து மீட்டர்கூட வராது. நம் வீட்டுப் பெண்கள் ஒரு வேளைக்கு உடுத்தும் சேலையே ஐந்தரை மீட்டர். கரும்பு வெட்டி, வியர்த்து, நனைந்து, பிள்ளை பெற்று, பாலூட்டி, ஓராண்டு முழுவதையும் அந்தத் துணியில் ஓட்ட வேண்டும்.

வட அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சரக்கு இருந்தது. ‘நீக்ரோத் துணி’ என்று பெயர் சொல்லியே விற்றார்கள். வட மாநிலமான ரோட் ஐலண்டின் பீஸ் டேல் போன்ற ஊர்களின் ஆலைகள் தெற்கத்தித் தோட்டங்களுக்காக அதை நெய்து பணம் பார்த்தன. வடக்கில் அடிமை முறை இல்லை என்று மார்தட்டிய ஊர்கள்தான். உடம்பில் உரசிப் புண்ணாக்கும் முரட்டுத் துணி. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், 1861இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஒவ்வொரு குளிர்காலத்திலும் எஜமானி கொடுத்த கம்பளி கலந்த முரட்டு உடையை எவ்வளவு வெறுத்தார் என்று எழுதுகிறார். அடிமைத்தனத்தின் முத்திரைகளில் அதுவும் ஒன்று என்கிறார்.

அதே நூலில் வேறோர் இடம் உண்டு. எனக்கு அதுதான் மறப்பதில்லை. பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பை அணிந்துகொண்டு அந்தச் சிறுமி நடக்கிறாள். பிப்ரவரி மாதம், தரையெல்லாம் பனி. செருப்பு கிறீச்சிடுகிறது. அந்தச் சத்தம் எஜமானிக்குப் பொறுக்கவில்லை. கழற்று, மறுபடி போட்டால் நெருப்பில் எறிவேன் என்கிறாள். பிறகு அந்தப் பனியிலேயே வெறுங்காலோடு வெகுதூரம் ஒரு வேலைக்கு அனுப்புகிறாள். செருப்புக்கு அவள் கால் காசு செலவழிக்கவில்லை. அடிமைப் பெண்ணின் காலில் அவள் அறியாமல் ஒரு புதுப்பொருள் ஏறியதுதான் குற்றம்.

தெற்குக் கரோலினாவின் 1740ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எரிச்சலை அப்படியே பிரிவுகளாக எழுதிவைத்தது. அடிமைகள் தங்கள் நிலைக்கு மீறி உடுத்துகிறார்கள் என்று புலம்பிவிட்டு, எந்தெந்தத் துணி ஆகும் என்று பட்டியல் போடுகிறது. மலிவான சரக்குகள் மட்டும். மீறினால் பறிமுதல். யாருமே மீறாத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் போடுவதில்லை.

இனி, அன்று ஸ்பெயின் வசமிருந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸ். 1786இல் ஸ்பானிய ஆளுநர் எஸ்தேபான் மிரோ, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் கூந்தலில் இறகும் நகையும் சூடக்கூடாது, தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தத் தலைக்கட்டுக்குப் பெயர் ‘தின்யோன்’, கொண்டையைக் குறிக்கும் ‘ஷின்யோன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. இந்தச் செய்தியைப் பலர் பகிர்ந்திருப்பீர்கள், ‘அடிமைப் பெண்களின் கூந்தலைத் தடைசெய்த சட்டம்’ என்று. அங்கேதான் சறுக்குகிறது. ஆணையின் குறி, விடுதலை பெற்ற பெண்கள். ஸ்பானிய ஆட்சியில் அடிமை ஒருவர் தன் விலையைத் தானே கட்டி வெளியேற வழி இருந்தது. துவைத்தும் தைத்தும் சந்தையில் விற்றும் காசு சேர்த்துப் பல பெண்கள் அப்படி வெளியே வந்தார்கள். பட்டும் நகையுமாகத் தெருவில் நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எஜமானி யார், நேற்றுவரை அடிமையாக இருந்தவள் யார் என்று தெரியவில்லை. வயலில் வேலை செய்யும் அடிமைப் பெண் ஏற்கெனவே தலைக்குத் துணி கட்டியிருந்தாள். விடுதலை பெற்றவளும் அதையே கட்டட்டும், வித்தியாசம் அழியட்டும் என்பது ஆளுநரின் கணக்கு.

அவர்கள் கட்டினார்கள். ஆனால் பளபளக்கும் மெட்ராஸ் துணியை எடுத்து, உயர்த்தி, முடிச்சுகளை விதவிதமாக மடித்துக் கட்டினார்கள். 1809இல் சாந்தோமிங்குவிலிருந்து (இன்றைய ஹைட்டி) கியூபா வழியாக ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் நியூ ஆர்லியன்ஸ் வந்தபோது, அவர்களில் இருந்த பெண்களும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள்.

‘தண்டனையை அலங்காரமாக்கிச் சட்டத்தைத் தோற்கடித்தார்கள்’ என்று முடித்துவிட்டால் கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது கட்டாயத்தின் பேரில் கட்டியது. அதே ஊரில், அதே ஆண்டில், அதே தலைக்கட்டோடு பெண்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அலங்காரத்தைச் சொல்லி ஏலத்தை மறைக்கக்கூடாது. அதற்காக அந்த அலங்காரம் வெறும் ஆசை என்றும் தள்ள முடியாது. கரீபியன் தோட்டங்களில் அடிமைப் பெண்கள் தங்களுக்கு விட்ட துண்டு நிலத்தில் கிழங்கு போட்டு, கோழி வளர்த்து, ஞாயிற்றுச் சந்தையில் விற்று, அந்தக் காசில் கைக்குட்டை வாங்கினார்கள். டொமினிக்காவின் துணிச் சந்தையை அகோஸ்டினோ புரூனியாஸ் என்ற இத்தாலிய ஓவியர் வரைந்திருக்கிறார். கடை விரித்த துணிகள், சுற்றிலும் விதவிதமான தலைக்கட்டுகள். அவரையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். தோட்ட முதலாளிகளின் தயவில் வரைந்தவர், படத்தில் சாட்டை தெரியாது. ஆனால் அந்தத் துணி ஆசை பொய்யல்ல. ஆறு நாள் உழைப்பும் உடம்பும் பிள்ளையும் வேறொருவர் சொத்தாக இருக்கும்போது, ஏழாம் நாள் தலையில் எந்த நிறம் என்று தானே முடிவெடுப்பது சின்ன விஷயம் இல்லை.

மார்த்தினிக்கில் ஒரு வேலைப்பாடு உண்டு. ‘காலாந்தே’ என்பார்கள். வாங்கிய மெட்ராஸ் துணியை அப்படியே கட்டுவதில்லை. தூரிகை எடுத்து, கட்டங்களின் கோடுகள்மேல் மஞ்சள் வண்ணத்தைக் கையால் தீட்டுவார்கள். நிறம் எடுப்பாகும், துணி விறைத்து நிற்கும். பிறகுதான் தலைக்கட்டு. இதை அடிமைக் காலத்துக்குப் பின்னும் பெண்கள் கூலிக்குச் செய்துகொடுத்தார்கள். நம் தறியில் ஏற்கெனவே விழுந்திருந்த கோட்டின்மேல் அவர்கள் இன்னொரு கோடு இழுத்தார்கள். அந்த இரண்டாவது கோட்டுக்கு நாம் உரிமை கொண்டாட முடியாது.

தென்னமெரிக்காவின் சுரிநாமில் தலைத்துணிக்கு ‘அங்கிசா’ என்று பெயர். கஞ்சி போட்டு அட்டைபோல் விறைக்க வைத்து மடிப்பார்கள். மடிப்புக்கு மடிப்பு பெயர் உண்டு, பொருள் உண்டு. ஒரு மடிப்பின் பெயர், ‘அவர்கள் பேசிக்கொள்ளட்டும்’. வாய் திறக்காமலே ஊர் வம்புக்குப் பதில்.

கடைசியாக ஓர் ஓவியம். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1800இல் மரி-கீய்மின் பெனுவா வரைந்தது. குவாதலூப்பிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். காதில் தங்க வளையம். நாற்காலியின்மேல் நீலச் சால்வை. வெள்ளை ஆடை நழுவி ஒரு மார்பு தெரிகிறது. பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை 1794இல் ஒழித்திருந்தது, 1802இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் வரைந்த படம் இது. நெடுங்காலம் ‘ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவம்’ என்றே வழங்கியது. 2019இல் ஓர்சே அருங்காட்சியகக் கண்காட்சியில்தான் மாதலேன் என்று அவள் பெயரை எழுதினார்கள். ஆடை அப்படி நழுவியது ஓவியரின் ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தலையில் மடிப்பு மடிப்பாகச் சுற்றியிருக்கும் அந்த வெள்ளைத் துணியை எந்தப் பாரிஸ்காரருக்கும் கட்டத் தெரிந்திருக்காது. அதை அவளே கட்டியிருக்க வேண்டும் என்று என் மனம் சொல்கிறது.

குடும்பக் குழுவில் முழுப் படத்தையும் போட முடியாது. தலைப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரியப்பாவுக்குத் தனியாக அனுப்பினேன். “தலையில் இருப்பது நம் மெட்ராஸ்தானே?” என்று கேட்டிருக்கிறார்.

இல்லை பெரியப்பா. வெறும் வெள்ளைத் துணி.